கார்த்திகைக்குப் பின் மழை: காவிரிப் படுகையிலிருந்து காலநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ளுதல்

மழை கொட்டினாலும் காலநிலை மாற்றம், பொய்த்தாலும் காலநிலை மாற்றம் என்று பேசுவது இன்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை வழக்கமாகிவிட்டது. தூர்வாராத வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்தால்கூட அதே சொல்லைச் சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். மறுபுறம், "புயலும் பஞ்சமும் எங்கள் தாத்தா காலத்திலேயே இருந்ததுதான்" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவோரும் உண்டு. இரண்டு தரப்பும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: ஒருநாள் வானத்தையும் பல்லாண்டு வழக்கத்தையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பிரிவினையில் தொடங்கி, காற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து, அது காவிரிப் படுகையில் அணைக்கும் நீதிமன்றத்துக்கும் நெல் மூட்டைக்கும் ஆடிப்பெருக்குக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. காவிரிப் படுகையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. மழையின் நாள்கணக்கை இவ்வளவு நம்பி வாழ்வை அமைத்துக்கொண்ட பகுதிகள் குறைவு.

பழமொழியும் இன்றைய வானமும்

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மார்கழியில் இரண்டு நாள் தூறினால் இப்பழமொழி பொய்யாகிவிடாது. ஏனெனில் அது ஓர் ஆண்டைப் பற்றிப் பேசவில்லை. பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துத் தேறிய வழக்கத்தைப் பேசுகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை", "ஐப்பசி அடைமழை" ஆகியவையும் அப்படிப்பட்டவையே.

இன்று காலை வெயிலா, மழையா, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பது வானிலை. ஓர் இடத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு மழையை எதிர்பார்க்கலாம், எவ்வளவு வெயில் வழக்கம், வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுவது இயல்பு என்ற நீண்டகாலக் கணக்கு காலநிலை. உலக வானிலை அமைப்பு இக்கணக்குக்கு 30 ஆண்டுச் சராசரியை அளவாக வைத்திருக்கிறது. சுருங்கச் சொன்னால், பழமொழி சொல்வது காலநிலை. சன்னலைத் திறந்தால் தெரிவது வானிலை. அந்த நீண்டகாலக் கணக்கே நகரத் தொடங்குவதற்குத்தான் காலநிலை மாற்றம் என்று பெயர்.

எடுத்துக்காட்டாக, 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி வழக்கத்தைவிடப் பல மடங்கு மழை பெய்து அறுவடைக்கு நின்ற சம்பா நெற்பயிரைச் சாய்த்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் மழை வந்து அறுவடைக் கதிர்களை நீரில் கிடத்தியது. இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்தால் அவை வானிலை. இப்படிப்பட்ட ஆண்டுகள் எத்தனைக்கு ஒருமுறை வருகின்றன என்று எண்ணத் தொடங்கும்போதுதான் நாம் காலநிலையைப் பற்றிப் பேசுகிறோம்.

மேகம் மூடிய மார்கழி இரவு

பூமி ஏன் சூடாகிறது என்பதை விளக்க, குளிர்நாடுகளில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலை உவமையாகச் சொல்வார்கள். அந்தக் குடிலை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. நமக்கு மார்கழி இரவு போதும். மேகமே இல்லாத மார்கழி இரவில் விடியற்காலை பனி கொட்டும். வைக்கோற்போர் நனைந்து கிடக்கும். அதே மாதத்தில் வானம் மூடிக் கிடக்கும் இரவில் பனி இருக்காது, உள்ளே மெல்லிய புழுக்கம் இருக்கும். சூரியன் இரண்டு இரவுகளிலும் இல்லை. வேறுபாடு மேகத்தால் வருகிறது.

பகலில் வெயிலை வாங்கிய மண், இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்தை நோக்கி விடுகிறது. தெளிந்த வானமாயின் அதில் பெரும்பங்கு வெளியே போய்விடும். மேகம் இருந்தால் அது வெப்பத்தை உள்வாங்கி ஒரு பங்கைத் திரும்பத் தரைக்கே அனுப்பும். கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்களும் இதே வேலையைச் செய்கின்றன. வெப்பத்தை இப்படித் தடுத்துத் திருப்பும் வாயுக்களுக்குப் பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர். மேகம் விடிந்ததும் கலைந்துவிடலாம். கரியமில வாயு கலையாது. இன்று புகைபோக்கியிலிருந்து போவதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும்.

நிலக்கரியும் பெட்ரோலியமும் பெருவாரியாக எரிக்கப்படுவதற்கு முன், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளின் உலகச் சராசரி வெப்பம், 1850க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கு இடையேயான குழு 2021இல் கணக்கிட்டது. "ஒரு டிகிரிதானே" என்று கேட்கத் தோன்றும். ஒருநாளில் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி மாறுகிறது என்பது உண்மையே. ஆனால் அது வானிலையின் ஏற்றத்தாழ்வு. சராசரியே ஒரு டிகிரி உயர்வது, உடலின் வெப்பம் இரவும் பகலும் ஒரு டிகிரி கூடுதலாகவே நிற்பதைப் போன்றது. அதை நாம் காய்ச்சல் என்றுதான் சொல்வோம்.

வேட்டி உலரும் வேகம்

ஒரே காரணம் வறட்சியையும் தரும், வெள்ளத்தையும் தரும் என்றால் யாருக்கும் ஐயம் வருவது இயல்பு. கொடியில் வேட்டியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கார்த்திகையில் மாலைவரை ஈரம் நிற்கும் வேட்டி, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடுகிறது. காற்று சூடானால் அது ஏற்கக்கூடிய நீராவியின் அளவு கூடுகிறது; ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 சதவீதம்.

சூடான காற்று முதலில் தாகமெடுத்த காற்றாக நடந்துகொள்கிறது. வயலின் ஈரத்தையும் குளத்தையும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பையும் அது கூடுதலாக உறிஞ்சும். மழை தள்ளிப்போகும் நாட்களில் நாற்றங்கால் முன்னைவிட விரைவாக வெடிக்கும். பிறகு ஒருநாள் அந்தக் காற்று மேலெழுந்து குளிர்ந்து மழையாகும்போது, அதனிடம் கொட்டுவதற்கும் கூடுதலாக இருக்கிறது. ஆண்டு மொத்தம் அவ்வளவாக மாறாமலேகூட, மழை சில நாட்களுக்குள் நெருங்கிக்கொண்டு கொட்டலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை என்பதால், அந்த மூன்று மாதங்களுக்குள் மழை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது மொத்த அளவைப் போலவே முக்கியமாகிறது.

புயலின் கதையும் இதன் கிளையே. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகி வலுப்பெறும். வங்கக்கடல் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கடல் மேலும் சூடாவதால் புயல்களின் எண்ணிக்கை கூடியே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் உருவாகிவிட்ட புயலுக்குக் கிடைக்கும் எரிபொருளும், அது சுமக்கும் மழையும் கூடுகின்றன.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்ளலாம். வானிலை ஒருநாள் செய்தி. காலநிலை பல்லாண்டு வழக்கு. பசுங்குடில் வாயுக்கள் வெப்பத்தைத் தடுத்து அந்த வழக்கை மாற்றுகின்றன. சூடான காற்று கூடுதலாகக் குடித்துக் கூடுதலாகக் கொட்டுவதால் வறட்சியும் வெள்ளமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன.

கரை ஒரு சாண் தாழ்ந்த வாய்க்கால்

"இந்த வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்ததா, இல்லையா?" என்ற கேள்வியே கொஞ்சம் தவறாகக் கேட்கப்படுவது. ஒரு வாய்க்காலை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் கரையைத் தாண்டுவது வழக்கம். மாடுகள் இறங்கி ஏறி, கரை ஒரு சாண் தாழ்ந்துவிடுகிறது. இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாண்டுகிறது. இந்த ஆண்டு தாண்டியது கரை தாழ்ந்ததாலா, அல்லது எப்படியும் தாண்டியிருக்குமா என்று ஒரு தடவையை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். ஆனால் அடிக்கடி தாண்டுவதற்குக் கரை தாழ்ந்ததே காரணம் என்பதில் ஐயமில்லை. விஞ்ஞானிகள் கணினியில் இரண்டு உலகங்களை ஓட்டிப் பார்க்கிறார்கள்; ஒன்றில் இன்றைய கரியமில வாயு, மற்றொன்றில் பழைய அளவு. ஒரு கனமழை எந்த உலகில் எத்தனை தடவை வருகிறது என்று ஒப்பிட்டு, அதன் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று சொல்கிறார்கள். இம்முறைக்குக் காரணப் பகுப்பாய்வு என்று பெயர்.

2023ஆம் ஆண்டு இதற்கு நல்ல பாடம். அவ்வாண்டு பசிபிக் கடலில் எல்நினோ இருந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நடு, கிழக்குப் பசிபிக் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிட வெதுவெதுப்பாவதையே எல்நினோ என்கிறோம். மனிதர் புகைபோக்கி கட்டுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது வந்துபோகிறது. பல ஆண்டுகளில் அது தென்மேற்குப் பருவமழையை மெலியச் செய்யும்; வடகிழக்குப் பருவமழைக்கோ பெரும்பாலும் துணைநிற்கும். அந்த ஆகஸ்டில் இந்தியா முழுவதும் பெய்த மழை 1901 முதலான பதிவுகளிலேயே குறைவானது. கர்நாடக அணைகளில் நீர் தட்டுப்பட்டு, மேட்டூர் வறண்டு, அக்டோபரில் பாசனத் திறப்பு நிறுத்தப்பட்டது. படுகையில் ஜூனில் தொடங்கும் குறுகியகால நெற்பயிரான குறுவை பல இடங்களில் காய்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட அது அதிகம்.

இதில் எல்நினோவின் கை இருக்கிறது, சூடேறிய காற்றின் கையும் இருக்கிறது. மூன்றாவது கை நம்முடையது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதும், ஆகாயத்தாமரை மண்டவிட்டதும், வடிகாலை அடைத்ததும் மழையை வெள்ளமாக்குகின்றன. ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் கிணறு உப்பாவதும் அப்படியே. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பேறுவதற்கு அளவுமீறிய ஆழ்துளைக் கிணறுகளும் ஆற்றில் நீர்வரத்து குறைந்ததும் சேர்ந்தே காரணம். காலநிலை மாற்றத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவது, தூர்வாராதவர்களுக்கு வசதியான விஞ்ஞானம்.

ஜூன் 12 என்னும் நம்பிக்கை

அரசியலுக்கு வருவோம். காலநிலை மாற்றம் நேராக வந்து சாலை மறியல் செய்வதில்லை. நாம் பழைய சராசரிகளை நாளாகவும் அளவாகவும் எழுதி உறையவைத்திருக்கிறோம். இயற்கை அந்தச் சராசரியிலிருந்து விலகும்போது, எழுதப்பட்ட தாளுக்கும் ஓடும் ஆற்றுக்கும் இடையில் தகராறு பிறக்கிறது.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி நீர். குறுவைக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. கேரளத்திலும் குடகிலும் ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்துவிடும் என்ற நம்பிக்கை அந்தத் தேதிக்குள் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அத்தேதியில் திறக்க முடியவில்லை. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அவ்வாறு தாமதமாகத் திறந்த 2024இல்தான் இரண்டே நாளில் அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது நல்ல நீர்வரத்து. குறுவை நாற்று விட்டுவிட்டு ஜூனில் காத்திருந்தவருக்கு அது பயன்படவில்லை.

காவிரித் தகராறு காலநிலை மாற்றத்தால் பிறந்ததன்று. சென்னை மாகாணமும் மைசூரும் 1892லும் 1924லும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை. தகராறைத் தீர்க்கக் காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பின் அடித்தளம் ஓர் எண்: 740 டி.எம்.சி. பழைய நீர்வரத்துப் பதிவுகளை வைத்து, இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டாவது இந்த அளவு நீர் ஆற்றில் வரும் என்று கணக்கிட்டார்கள். இதற்கு 50 சதவீத நம்பகம் என்று பெயர். அந்த 740ஐத்தான் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு பேருக்கும் பங்கிட்டார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பங்கைத் திருத்தி, இயல்பான ஆண்டில் கர்நாடகம் எல்லையில் தரவேண்டியதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. மாதவாரிக் கணக்கும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95.

இந்தப் பட்டியலின் தசம புள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குச் சிறிது வியப்பாகவே இருக்கும். மழை அவ்வளவு துல்லியமாகப் பெய்வதாக நாமே ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். இயல்பான ஆண்டில் சண்டை அதிகமில்லை. பற்றாக்குறை ஆண்டில் எந்த விகிதத்தில் குறைத்துக்கொள்வது என்பதில்தான் 2016இல் பெங்களூரில் வண்டிகள் எரிந்தன. 2023 செப்டம்பரில் கர்நாடகத்தில் முழு அடைப்பும், அக்டோபரில் காவிரிப் படுகையில் முழு அடைப்பும் நடந்தன. தெற்காசியப் பருவமழை மொத்தத்தில் வருங்காலத்தில் கூடும், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வும் கூடும் என்பதே ஐ.நா. குழுவின் கணிப்பு. அதாவது, இயல்பான ஆண்டு என்ற ஒன்றுதான் அரிதாகப் போகிறது.

கொள்முதல் நிலையத்தில் ஒரு காலை

மாநிலங்களுக்கு இடையிலான அரசியல் செய்தித்தாளில் வரும். ஊருக்குள் நடக்கும் அரசியலைப் பார்க்க, மழைக்கு மறுநாள் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். களத்தில் குவியல் குவியலாக நெல். ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய், தார்ப்பாயின் விளிம்பில் செங்கல். வெயில் எட்டிப்பார்த்ததும் பாயை விலக்கிக் காலால் துழாவிக் காயவைப்பார்கள். மேகம் கூடியதும் ஓடிவந்து மூடுவார்கள். ஒரு குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். மேலே காய்ந்திருந்தது, முழங்கை ஆழத்தில் வெதுவெதுவென்று அவிந்த வாடை, சில மணிகளில் வெள்ளை முளை. ஊழியர் ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டு எண்ணைப் படிக்கிறார். 17க்குள் இருந்தால் எடைக்குப் போகும். அன்று 21 காட்டியது. உரியவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் பாயை விலக்கினார்.

அந்த 17 சதவீதம் என்பதும் உறையவைத்த ஒரு சராசரிதான். காய்ந்த தை மாசியில் அறுத்த நெல்லுக்கு அது பொருந்தும். குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும்போதும், தையிலேயே மழை வரும்போதும் பொருந்துவதில்லை. உடனே மாநில அரசு தளர்வு கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும். ஆணை வருவதற்குள் நெல் முளைத்துவிடும்.

பயிர்க்காப்பீட்டிலும் இதே சிக்கல். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டம், இழப்பை அளப்பதற்குக் கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரி விளைச்சலை அடிப்படையாக வைக்கிறது. மோசமான ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் அந்தச் சராசரியே இறங்கிவிடும். அளவுகோல் இறங்கினால் இழப்பும் காகிதத்தில் சிறுத்துவிடும். நிவாரணமோ அடங்கல் எனும் கிராமச் சாகுபடிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத் தேடிப் போகும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுதவர் அங்கே இல்லை, நடவுக்கு வந்த பெண்களும் இல்லை.

சுருக்கமாக: தேதி, தீர்ப்பு, ஈரப்பத அளவு, காப்பீட்டுச் சராசரி ஆகிய அனைத்தும் பழைய காலநிலையை நம்பி எழுதப்பட்டவை. காலநிலை நகர்வது இந்த எழுத்துகள் வழியாகத்தான் ஊருக்குள் சண்டையாகிறது.

ஷவரில் ஆடிப்பெருக்கு

வழிபாடும் ஒருவகையில் நாள்காட்டியே. ஆடி 18 அன்று காவிரியில் புதுவெள்ளம் வரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து ஆடிப்பெருக்கு பிறந்தது. காதோலை கருகமணி, காப்பரிசி, முளைப்பாரி எல்லாம் சூல்கொண்ட ஆற்றுக்குச் செய்யும் சீர். தண்ணீர் வராத ஆண்டுகளில் திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் குழாய் இழுத்து ஷவர் வைத்தார்கள்; பெண்கள் அதன் கீழ் நின்று குளித்துவிட்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். 2024 ஆடிப்பெருக்கிலோ வெள்ளம் மிகுந்து காவிரிக் கரையில் பல இடங்களில் இறங்கிக் குளிக்கத் தடை. ஆறு இல்லாமலும் விழா நடந்தது. ஆறு அதிகமாகியும் ஆற்றோடு நடக்கவில்லை.

மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுவதும் நீராடுவது மரபு. கடைசி நாள் கடைமுகம். நடந்துவர முடியாத ஒருவர் மாதம் முடிந்தபின் வந்து சேர, அவருக்காக ஒருநாள் கூட்டித் தரப்பட்டது என்பது கதை. கார்த்திகை முதல் நாள் இன்றும் முடவன் முழுக்கு என்றே நடக்கிறது. தாமதத்துக்கு இடம் கொடுத்த இந்த மரபு எனக்குப் பிடித்தமானது. பண்பாடு கல்லில் எழுதியதன்று, ஷவரையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் புதுநெல் வீட்டுக்கு வராத தையில் கடையில் வாங்கிய அரிசியில் பொங்கல் வைப்பவருக்கு, விழா எதற்காக வந்தது என்ற நினைவு மெல்ல நழுவுகிறது.

விதைக்கும்போது எடுக்கும் முடிவு

இத்தனைக்கும் நடுவில் கடைமடை விவசாயி ஆவணியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அணை நீருக்குக் காத்திருந்து நாற்று விட்டு நடுவதா, அல்லது இருக்கும் ஈரத்தை நம்பிப் புழுதியிலேயே நேரடியாக விதைப்பதா? நேரடி விதைப்பு பத்து, பதினைந்து நாளை மிச்சப்படுத்தும், களை கூடும், நடவுக் கூலி வேலை குறையும். நீண்டகாலச் சம்பாவா, குறுகியகால ரகமா? பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிரில் பதர் கூடும் என்பதையும் அவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

படுகையில் இப்போது பழகிவரும் ஒரு நெல் ரகம் சி.ஆர். 1009 சப் 1. பழைய சி.ஆர். 1009க்குள் வெள்ளத்தைத் தாங்கும் மரபணு ஒன்றைப் பாரம்பரியக் கலப்பு முறையில் சேர்த்து உருவாக்கியது. இளம்பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும், மூச்சை அடக்குவதுபோல வளர்ச்சியை நிறுத்திவைத்து, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு இது நல்ல காவல். ஆனால் அந்தக் குணம் பயிர் இளமையாக இருக்கும்போதுதான் உதவும். கதிர் முற்றிச் சாயும் தறுவாயில், தையில் வரும் மழைக்கு அதனிடமும் பதில் இல்லை.